இங்கிலாந்துச் சிற்றூர்களின் வரலாற்றுச் சங்கங்கள்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றுக்குள் நுழைந்தால் வழக்கமாகக் கண்ணில் படுபவை ஒரு பழைய தேவாலயம், ஒரு மதுச்சாலை, ஓர் ஊர் மண்டபம். மண்டபத்தின் அறிவித்தல் பலகையில் யோகா வகுப்பு, பூந்தோட்டச் சங்கம், தொலைந்துபோன பூனை ஆகிய அறிவித்தல்களுக்கு நடுவே பெரும்பாலும் இன்னொரு தாளும் ஒட்டப்பட்டிருக்கும். அது உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கான அழைப்பு. சில நூறு வீடுகளே உள்ள ஓர் ஊர் தன்னுடைய வரலாற்றுக்கென்று தனியாகச் சங்கம் வைத்திருப்பது நம்மவர்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். பல ஆண்டுகளாக இப்படியொரு சங்கத்தில் உறுப்பினனாக இருப்பவன் என்ற முறையில், இச்சங்கங்கள் எங்கிருந்து வந்தன, என்ன செய்கின்றன, எதை வைத்துக்கொண்டு செய்கின்றன என்பதை இங்கே எழுத முனைகிறேன்.

அமைப்பு மிக எளிமையானது. ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், நாலைந்து பேர் கொண்ட செயற்குழு. ஆண்டுச் சந்தா ஒரு நல்ல மதிய உணவின் விலையைத் தாண்டாது. இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை மாதம் ஒரு கூட்டம். கோடையில் ஒன்றிரண்டு வெளிப்பயணங்கள். கூட்டத்துக்கு வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் படங்களுடன் வருவார். ரோமானியர் போட்ட சாலை, மூடப்பட்ட ரயில்பாதை, பழைய சீட்டுத் துணி, எதைப் பற்றியும் பேச்சு இருக்கலாம். பிறகு தேநீர், பிஸ்கட், பரிசுச்சீட்டு இழுப்பு. வருபவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைத்தான் சங்கம் என்று நினைப்பார்கள். என் கணிப்பில் மாதக் கூட்டம் சங்கத்தின் வாசல் திண்ணை மாதிரி. வீட்டு வேலை உள்ளே நடக்கிறது: குளிர்காலத்து வாரநாட்களில், யாரோ ஒருவருடைய சாப்பாட்டு மேசையிலும், மாவட்ட ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையிலும். பழைய கணக்குப் புத்தகங்களை வரிவரியாகப் பெயர்த்தெழுதுவதும், அவற்றுக்குப் பெயரகராதி தயாரிப்பதுமே அந்த வேலை.

இந்த வகை வரலாற்றுக்கு மூதாதை என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் நான் ரிச்சர்ட் கொஃப் என்பவரைத்தான் சொல்வேன். ஷ்ரொப்ஷயரில் உள்ள மிடில் என்னும் ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்த, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்த மனிதர். 1635 இல் பிறந்தவர். அறுபத்தைந்து வயதைக் கடந்தபின், 1701 வாக்கில், தன் ஊரின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அவர் கைக்கொண்ட முறை விசித்திரமானது. தேவாலயத்தின் உட்பகுதியை வரைந்து, அதிலுள்ள வாங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இந்த வாங்கில் உட்காரும் உரிமை எந்த வீட்டுக்கு, அந்த வீட்டில் இருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். அக்காலத்தில் வாங்கு ஆளுக்கு உரியதல்ல, நிலத்துக்கு உரியது. பெரிய பண்ணைக்காரர் முன்னால், சிறு குடியானவர் நடுவில், குடிசைக்காரர் பின்னால். ஆகவே வாங்கு வரிசையைப் பின்பற்றினாலே ஊரின் மேல் கீழ் முழுவதும் வந்துவிடுகிறது. குடித்து அழிந்தவன், வழக்காடியே சொத்தை இழந்தவன், நல்ல இடத்தில் பெண்ணெடுத்துப் பிழைத்துக்கொண்டவன், திருடன் எல்லோரும் வருகிறார்கள். அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே 1640களில் நடந்த உள்நாட்டுப் போரில் மிடிலிலிருந்தும் பக்கத்துச் சிற்றூர்கள் இரண்டிலிருந்தும் இருபது பேர் அரசனின் படைக்குப் போனார்கள் என்றும், அவர்களில் பதின்மூன்று பேர் கொல்லப்பட்டார்கள் என்றும் எழுதிவைத்தவர் இவரே. எந்தப் போர் வரலாற்றிலும் அந்தப் பதின்மூன்று பேருக்கு இடமில்லை. கொஃப் எழுதியது 1834 வரை அச்சேறவில்லை. 1974 இல் டேவிட் ஹே என்ற ஆய்வாளர், கொஃப் சொன்னவற்றை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டு மிடில் பற்றித் தனி நூலே எழுதினார். கிழவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

கொஃப்புக்குப் பின் நெடுங்காலம் ஊர் வரலாறு என்பது பாதிரிமாரும் பெருநில உரிமையாளர்களும் எழுதும் பொருளாக இருந்தது. 1789 இல் வெளிவந்த கில்பர்ட் வைட்டின் செல்போர்ன் நூலைப் பறவைகளுக்காகவே இன்று படிக்கிறார்கள். அதன் பிற்பகுதி அவ்வூரின் பழமைகளைப் பற்றியது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. 1899 இல் தொடங்கிய விக்டோரியா மாவட்ட வரலாற்றுத் தொகுதிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் பழைய தொகுதிகளில் பண்ணைப் பிரபுவின் வம்சாவளியும் தேவாலயத்தின் சாளரங்களுமே நிறைந்திருக்கும். ஊரில் குடியிருந்தவர்களைத் தேடவேண்டும். இந்தப் போக்கை மாற்றியவர்களில் முதன்மையானவர் டபிள்யூ. ஜி. ஹொஸ்கின்ஸ். லெஸ்டரில் 1948 இல் அமைந்த ஆங்கில உள்ளூர் வரலாற்றுத் துறை அவர் முயற்சியில் உருவானது. வேலிகளும் சாலை வளைவுகளும்கூட ஆவணங்களே என்று காட்டிய அவரது நிலத்தோற்றம் பற்றிய நூல் 1955 இல் வந்தது. மாலை வகுப்புகளில் அதைப் படித்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிப்போய்ச் சங்கம் தொடங்கினார்கள். 1952 இல் தொழில்முறை சாராத ஆய்வாளர்களுக்கென்றே ஒரு சஞ்சிகை தோன்றியது. 1982 இல் பிரித்தானிய உள்ளூர் வரலாற்றுக் கழகம் என்ற தாய்ச்சங்கம் அமைந்தது.

இனி மூலங்களுக்கு வருவோம். ஓர் ஊரின் சாதாரண மனிதர்களைப் பற்றி நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பெயர் சொல்லி எழுத இவர்களால் எப்படி முடிகிறது? காரணம் ஒரே வரியில் அடங்கும்: அரசும் திருச்சபையும் இவர்களிடமிருந்து எதையாவது வாங்குவதற்கோ, இவர்களுக்கு எதையும் கொடுக்காமல் தப்புவதற்கோ தொடர்ந்து எழுதிவைத்தன. யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் எழுதிய தோம்புகள் நம்மிடம் உண்டு. வரிக்காக எழுதப்பட்ட அந்தத் தோம்புகளில்தான் நம் முன்னோரின் பெயரும் காணியும் சாதியும் பதிவாகியிருக்கின்றன. கோயிற்பற்று என்று நாம் சொல்லும் பிரிவுதான் இங்கே பாரிஷ். இங்கிலாந்துச் சிற்றூர் ஒவ்வொன்றும் தன் கோயிற்பற்றின் பெட்டகத்தில் இப்படிப் பல தோம்புகளை வைத்திருந்தது என்று கொள்ளலாம்.

அவற்றில் முதலாவது திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடு. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் 1538 இல் இதைக் கட்டாயமாக்கினார். தொடக்கத்தில் பல ஊர்களில் தாளில் எழுதினார்கள். 1598 இல் அவற்றைத் தோலில் படியெடுக்குமாறு கட்டளை வந்தபோது, எலிசபெத் அரசி முடியேறிய 1558 முதல் எடுத்தால் போதும் என்று இடமளிக்கப்பட்டதால், நிறைய ஊர்களின் ஏடுகள் அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. முதல் இருபது ஆண்டுகள் ஒரு சோம்பேறித்தனத்தில் போய்விட்டன. ஏட்டைப் படிக்கப் புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிக்கொடுப்போம். ஒன்று, 1752 வரை ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே 1640 பெப்ரவரியில் நடந்ததாக எழுதியிருப்பது நம் கணக்கில் 1641. இதை அறியாதவர்களுக்குப் பிள்ளை, தாய் தகப்பனின் திருமணத்துக்கு முன்னே பிறந்ததாகத் தோன்றி வீண் வதந்தி கிளம்பிவிடும். மற்றது கையெழுத்து. பதினாறாம் நூற்றாண்டின் எழுத்து வடிவங்கள் இன்றைய ஆங்கிலேயருக்கே புரிவதில்லை. தமிழ் வரிவடிவத்தோடு வளர்ந்த எனக்கு அது அவ்வளவு கடினமாக இல்லை. இரண்டும் எனக்குப் பின்னால் கற்ற எழுத்துகளே. ஆங்கிலேயர் தாம் அறிந்த எழுத்தை அதில் தேடுவதால்தான் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அடக்கப் பதிவுகளில் 1678 க்குப் பின் ஒரு வேடிக்கையைக் காணலாம். கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றுவதற்காக, இறந்தவரை ஆங்கிலக் கம்பளித் துணியில்தான் சுற்றவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அப்படிச் செய்ததாக உறவினர் ஒருவர் சத்தியம் செய்து கொடுக்கவேண்டும். மீறினால் ஐந்து பவுண் தண்டம். அதில் பாதி ஊர் ஏழைகளுக்கு, பாதி தகவல் கொடுத்தவருக்கு. லினன் துணியிலேயே போகவேண்டும் என்ற வசதியான குடும்பங்கள் தங்களில் ஒருவரையே தகவல் கொடுக்கவைத்துப் பாதியை மிச்சம் பிடித்ததும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ஏழைகளின் கணக்குப் புத்தகம். 1601 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும். ஊரில் நிலமுள்ளவர்களிடம் வரி திரட்டி, ஆண்டுதோறும் நியமிக்கப்படும் கண்காணிப்பாளர்கள் அதைச் செலவழித்து ஆண்டு முடிவில் கணக்குக் காட்டவேண்டும். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. குடியானவரும் கொல்லரும் முறைவைத்துச் செய்தார்கள். எழுத்துக்கூட்டல் அவரவர் வாய்ப்படி. சத்தமாக வாசித்தால்தான் சொல் புரியும். அப்போது முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் பேச்சு வழக்கு அறைக்குள் கேட்கும். எங்கள் குழுவில் ஐந்து பேர் இதைப் பெயர்த்தெழுதுகிறோம். ஒரு விதவைக்கு வாரப்படி, ஒரு பையனுக்குச் சப்பாத்து, ஒருவர் வீட்டுக்கூரைக்கு வைக்கோல், காய்ச்சலில் கிடந்தவருக்கு ஆட்டிறைச்சி, பிறகு அவருக்கே சவப்பெட்டி, பெட்டி தூக்கியவர்களுக்கு பியர். ஒரே கிழவியின் பெயர் ஆறேழு ஆண்டுகள் வாரந்தோறும் வந்து, ஒருநாள் நின்றுவிடும். அடக்கப் பதிவேட்டைத் திறந்தால் அந்த வாரமே அங்கே இருப்பாள்.

இதே புத்தகங்களில் கொடுமையும் உண்டு. 1662 ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தின்படி, வேற்றூர் ஏழை தங்கள் பொறுப்பில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக ஊர்க்காரர்கள் அவரை விசாரித்து, அவருடைய சொந்தக் கோயிற்பற்றுக்கு வண்டியேற்றி அனுப்பினார்கள். விசேஷமாகக் கர்ப்பிணிகளை. பிள்ளை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊருக்குத்தான் அதைப் பராமரிக்கும் கடமை வந்து சேரும். ஆகவே மணமாகாத பெண்ணைப் பேறுகாலத்துக்கு முன் எல்லை கடத்திவிடுவதில் கண்காணிப்பாளர்கள் காட்டிய அவசரம் கணக்கில் பென்ஸ் கணக்காகப் பதிவாகியிருக்கிறது: குதிரைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, கூடப்போனவருக்கு இவ்வளவு. 1697 முதல் உதவிபெறுபவர் தோளில் ஏழை என்பதற்கான எழுத்தையும் ஊரின் முதலெழுத்தையும் துணியில் தைத்து அணியவேண்டும் என்றும் சட்டமிருந்தது. எந்த ஊரான் என்று கேட்டு, தாளைக் காட்டச்சொல்லி, எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடும் இந்த நடைமுறையைப் பெயர்த்தெழுதும்போது, அகதியாக வந்து விசாரணை அறைகளில் உட்கார்ந்தவர்களுக்குச் சில வரிகள் அந்நியமாக இராது. அந்த விசாரணைத் தாள்களின் பயனும் இதில்தான். ஒரு கூலியாள் எங்கே பிறந்தான், யாரிடம் எத்தனை ஆண்டு வேலை செய்தான், என்ன கூலி வாங்கினான் என்று அவன் வாய்மொழியாகவே வரும் சுயசரிதம் வேறெங்கும் கிடைக்காது. அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக்குறி.

வரைபடங்களில் முக்கியமானது தசமபாக வரைபடம். விளைச்சலில் பத்திலொன்றைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை 1836 ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியது. அதற்காக நிலத்தையெல்லாம் அளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து, உரிமையாளர், பயிரிடுபவர், வயலின் பெயர், விளைபொருள், பரப்பு என்று அட்டவணை எழுதினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முக்கால் பங்கு நிலப்பரப்புக்கு இந்த வரைபடங்கள் உண்டு. மூன்று படிகள் எடுத்தார்கள்: ஆணையாளருக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. ஊர்ப்படியை எலி தின்றாலும் மற்றது இருக்கும். இந்த மூன்று படி என்ற ஏற்பாட்டைப் பிறகு இன்னொரு முறை குறிப்பிடவேண்டியிருக்கும்.

வயற்பெயர் சேகரிப்பது சங்கங்களின் விருப்பமான வேலை. தொலைவில் இருப்பதால் அலுப்புத்தரும் வயலுக்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பொட்டனி பே என்றோ, கனடாவின் நோவா ஸ்கோஷியா என்றோ பெயர் வைத்திருப்பார்கள். விளையாத மேட்டுக்குப் பசிமேடு. தூக்குமர வயல் என்ற பெயர் இருந்தால் அங்கே என்ன நின்றது என்று கேட்கத் தேவையில்லை. இவ்வேலையில் படித்தவர்களைவிடப் பழைய பண்ணையாட்கள் மேல். வரைபடத்தில் ஓர் எண்ணாக இருக்கும் துண்டு எந்த மழைக்குத் தேங்கும், எந்தப் பக்கம் உழுதால் கல் வரும் என்று சொல்ல அவர்களால்தான் முடியும். எங்கள் ஊரில் மூன்று சிறு வயல்களைச் சேர்த்து ஒன்றாக்கி, வேலியையும் பிடுங்கிவிட்டார்கள்; இன்று அங்கே தெரிவது ஒரே சமவெளி. அந்த மூன்று பெயர்களும் ஒரு முன்னாள் உழவு இயந்திரச் சாரதியின் வாயிலும் 1840களின் அட்டவணையிலும் மட்டும் மிஞ்சியிருந்தன. இரண்டும் பொருந்தின.

வேலி என்றதும் நில அடைப்புச் சட்டங்களைச் சொல்லாமல் போக முடியாது. பொதுவில் மேய்ந்த புல்வெளிகளையும் திறந்த வயல்களையும் தனித்தனியாகப் பிரித்து வேலியிட 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. அறுபத்தெட்டு லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்திலொரு பங்குக்குச் சற்று அதிகம். ஊரின் அடைப்புத் தீர்ப்பையும், அதற்குமுன்னும் பின்னும் உள்ள ஏழைக் கணக்கையும் பக்கம்பக்கமாக வைத்துப் படித்தால், மாடு கட்டியிருந்த வீடுகளில் எவை பின்னர் வாரப்படி வாங்க வந்தன என்று பெயரோடு காணலாம். பொதுநிலை வரலாற்று நூல்கள் சொல்லும் ஒரு வாதத்தை ஓர் ஊர் அளவில் சரிபார்க்க இப்படித்தான் முடியும்.

மக்கட்தொகைக் கணக்கெடுப்பு எல்லோரும் அறிந்தது. பெயர்களோடு முழுமையாகக் கிடைப்பது 1841 முதல். அவ்வாண்டில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்ததால் முப்பத்து நாலு வயதுக்காரர் முப்பது ஆகிவிடுவார். நூறாண்டு மூடிவைக்கும் விதிப்படி 1921 ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அடுத்துத் திறக்க வேண்டிய 1931 இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் 1942 டிசம்பரில் ஒரு களஞ்சியத் தீயில் முழுவதும் எரிந்துபோயின. 1941 இல் போர் காரணமாகக் கணக்கெடுக்கவே இல்லை. ஆகவே 2052 வரை புதிதாக எதுவும் வராது. 1939 இல் அடையாள அட்டைகளுக்காக எடுத்த பதிவேடு ஒன்றுதான் நடுவில் கைகொடுக்கிறது.

தாளில் இல்லாததை இரண்டு வழிகளில் தேடுகிறார்கள். ஒன்று கிழவர்களைக் கேட்பது. சஃபோக்கில் பிளாக்ஸ்ஹோல் என்ற ஊருக்கு ஆசிரியையாகப் போன மனைவியோடு 1948 இல் குடிபுகுந்த ஜோர்ஜ் யூவர்ட் எவன்ஸ், பக்கத்து வீட்டுக் கிழவர்களுடன் பேசத் தொடங்கி, குதிரையால் உழுத காலத்தின் கடைசித் தலைமுறையை 1956 இல் ஒரு நூலாக்கினார். வேல்ஸ்காரரான அவர் அங்கே வெளியாள். வெளியாளிடம் மக்கள் ஆரம்பத்திலிருந்து விளக்கிச் சொல்வார்கள்; தெரிந்தவனிடம் பாதியை விழுங்கிவிடுவார்கள். இதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். வைக்கோற்போர் எப்படி வேய்வது என்று என்னிடம் அரைமணி நேரம் சொன்ன ஒருவர், அதைத் தன் சொந்த மகன் ஒருநாளும் கேட்டதில்லை என்றார்.

மற்றது தோண்டுவது. ஒரு மீற்றர் நீள அகலத்தில் வீட்டுப் புற்றரையில் ஒரு குழி. பத்துச் சென்ரிமீற்றராக இறங்கி, மண்ணைச் சல்லடையில் அரித்து, மட்பாண்டத் துண்டுகளை அடுக்குவாரியாகப் பையிலிடுவது. லெஸ்டர்ஷயரில் கிப்வேர்த் ஊரவர்கள் 2009 இல் ஒரே வார இறுதியில் ஐம்பதுக்கு மேற்பட்ட குழிகளை வெட்டினார்கள். மைக்கேல் வுட் வழங்கி 2010 இல் பி.பி.சி.யில் வந்த தொடர் அவ்வூரை வைத்தே இங்கிலாந்தின் வரலாற்றைச் சொன்னது. கிப்வேர்த் ஹார்கோர்ட்டின் நிலத்தை 1270 வாக்கில் ஒக்ஸ்போர்ட் மேர்ட்டன் கல்லூரி வாங்கியது. கல்லூரி எதையும் வீசியெறியவில்லை. ஆகவே எழுநூறு ஆண்டுத் தோம்புகள் அப்படியே இருக்கின்றன. அந்தத் தோண்டலை வழிநடத்திய கரன்சா லூயிஸ், கிழக்கு இங்கிலாந்தில் 55 ஊர்களில் ஊரவர்களும் மாணவர்களுமாக வெட்டிய ஏறத்தாழ இரண்டாயிரம் குழிகளை ஒன்றுசேர்த்து 2016 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1348 இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிந்திய மட்பாண்டத் துண்டுகள் அதற்கு முந்தியதைவிட சுமார் 45 சதவீதம் குறைவு. மக்கள் இல்லையென்றால் உடைக்கப் பானையும் இல்லை. இவ்வளவு பரந்த சான்றைச் சம்பளத்துக்கு ஆள்வைத்துத் திரட்ட எந்தப் பல்கலைக்கழகத்தாலும் முடிந்திராது.

சங்கங்களில் சச்சரவு இல்லாமல் இல்லை. ஊரின் பெரிய மாளிகை யார் பணத்தில் எழுந்தது என்ற கேள்வி அண்மைக்காலத்தில் சூடானது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வாட்டன்-அட்-ஸ்டோன் ஊருக்கருகே வுட்ஹோல் பார்க் என்ற மாளிகை நிற்கிறது. அதைக் கட்டியவர் 1778 முதல் 1780 வரை மதராஸ் கவர்னராயிருந்த சர் தோமஸ் ரம்போல்ட். 1790களில் அதை வாங்கியவர் போல் பென்ஃபீல்ட். தஞ்சாவூர்க்காரர் மறக்கக்கூடாத பெயர் இது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்து, ஈடாகத் தஞ்சாவூர் நாட்டின் வருவாயின்மேல் உரிமை கோரியவர். 1776 இல் கவர்னர் பிகட் பிரபு தஞ்சையை அதன் அரசர் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுத்தபோது பென்ஃபீல்டின் கோரிக்கை ஆபத்துக்குள்ளானது. தொடர்ந்த சண்டையில் ஆலோசனைச் சபையினரே கவர்னரைச் சிறைப்பிடிக்க, பிகட் அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். எட்மண்ட் பர்க் 1785 இல் பாராளுமன்றத்தில் ஆர்க்காட்டுக் கடன்களைப் பற்றிப் பேசியபோது பென்ஃபீல்டைப் பெயர் சொல்லியே தாக்கினார். காவேரிக் கரையில் உழுதவர்களின் நெல் எந்த வழியாக ஹார்ட்ஃபோர்ட்ஷயர் புற்றரைக்கு வந்தது என்பதை இரண்டு ஊர்களின் ஆவணங்களையும் சேர்த்துப் படித்தால்தான் சொல்ல முடியும்.

கிழக்கிந்தியக் கம்பனிப் பணம் தங்கிய வீடுகளைப் பற்றி 2011 முதல் 2014 வரை மார்கொட் ஃபின் தலைமையில் நடந்த ஆய்வுத் திட்டத்தில் பேராசிரியர்களோடு உள்ளூர் ஆய்வாளர்களும் குடும்ப வரலாறு தேடுவோரும் இணைந்து எழுதினார்கள். 2020 இல் நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களின் காலனித்துவ, அடிமை வணிகத் தொடர்புகளைப் பட்டியலிட்டபோது பத்திரிகைகளில் எழுந்த எதிர்ப்பு ஊர் மண்டபங்களுக்குள்ளும் வந்தது. ஊரை அவமதிக்கிறீர்கள் என்றார்கள் சிலர். கணக்குப் புத்தகத்தில் வரவு எங்கிருந்து வந்தது என்று எழுதாத பொருளாளரை நீங்கள் பதவியில் வைத்திருப்பீர்களா என்று எங்கள் செயற்குழுவில் ஒரு மூதாட்டி கேட்டார். அதற்குப்பின் அன்று அதிகம் பேச்சில்லை.

இதைவிடச் சிக்கலானவை சிறிய விஷயங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் பணம் கட்டவேண்டுமென்ற பத்திரங்களில் உள்ள குடும்பப் பெயர்கள் இன்றும் ஊரில் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுப் பத்திரத்தை அச்சிடுவதில் எவருக்கும் மறுப்பில்லை. 1921 கணக்கெடுப்பில் ஏழைகள் இல்லத்தில் இருப்பவராகக் காட்டப்பட்டவர், கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவரின் பாட்டியாயிருந்தால்? சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் உயிரோடிருக்கும் உறவினரிடம் முதலில் கேட்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். போர் நினைவுத்தூணில் உள்ள பெயர்களை ஆராய்ந்தபோதும் இப்படித்தான். 2014 முதல் 2018 வரை நூற்றாண்டையொட்டிப் பல ஊர்கள் தம் தூணிலுள்ளவர்களைப் பற்றிச் சிறுநூல் வெளியிட்டன. முதலாம் உலகப்போர்ச் சிப்பாய்களின் சேவைப் பதிவுகளில் பெரும்பகுதி 1940 செப்டெம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், மிச்சத்தைப் பள்ளிக்கூடப் பதிவேடு, பத்திரிகை, குடும்பக் கடிதம் என்று பொறுக்கவேண்டியிருந்தது. போனவர் அனைவரும் திரும்பிவந்ததால் தூணே இல்லாத ஊர்களும் ஐம்பதுக்குச் சற்று மேல் உண்டு. நன்றியுள்ள ஊர்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

இந்த வேலைகளின் பலன் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் இன்று பெரிய கவலை. மூலப் பதிவேடுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்டவற்றை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கத் திருச்சபையின் 1978 ஆம் ஆண்டு விதி வலியுறுத்துகிறது. ஆனால் சங்கங்கள் உண்டாக்கிய பெயரகராதிகள், ஒலிநாடாக்கள், பெயர் எழுதப்படாத புகைப்படங்கள், வயற்பெயர் வரைபடங்கள் எவருடையவோ வீட்டு மச்சில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. உறுப்பினர் வயது ஏறிக்கொண்டே போகிறது. செயலாளர் பொறுப்புக்கு ஆள் கிடைக்காமலே பல சங்கங்கள் மூடப்படுகின்றன. ஒருவர் இறந்தால் வேற்றூரிலிருந்து பிள்ளைகள் வந்து ஒரே வார இறுதியில் வீட்டைக் காலிசெய்வார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஆவணக் காப்பகங்களுக்கும் பணமில்லை. 2017 இல் நோர்தம்ப்டன்ஷயர் மாவட்டக் காப்பகம் இலவச வாசிப்பு நேரத்தைக் குறைத்து, மற்ற நேரங்களில் மணிக்கு முப்பது பவுணுக்கு மேல் கட்டணம் வாங்க முற்பட்டது. வரலாற்றுச் சங்கங்களும் வாசகர்களும் எழுப்பிய எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் எத்தனையோ அழிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் இன்று ஈழத்தின் ஊர் மலர்களையும் பாடசாலை மலர்களையும் தொண்டர்கள் படியெடுத்துச் சேர்க்கிறார்கள். அதைப் பற்றி எங்கள் சங்கத்தில் நான் பேசியபோது தசமபாக வரைபடத்தின் மூன்று படிகளை நினைவூட்டினேன். இப்போது நாங்கள் பெயர்த்தெழுதும் ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் வைக்கிறோம். ஒன்று மாவட்டக் காப்பகத்தில். ஒன்று ஊர்ப் பாடசாலையில். ஒன்று கணினியில், கடவுச்சொல் மூன்று பேரிடம். பெட்டிகளுக்கு வெளியே உள்ளே என்ன இருக்கிறது, யாரிடம் கொடுக்கவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியாயிற்று. ஒலிநாடாக்கள் நாற்பது இன்னும் மாற்றப்படாமல் கிடக்கின்றன. அவற்றைப் போட்டுக் கேட்கும் பழைய கருவி ஒன்று நன்றாக ஓடுகிறது. அதன் பட்டி அறுந்தால் மாற்றிப்போடத் தெரிந்த உறுப்பினருக்கு எண்பத்தாறு வயது. வரும் ஒக்டோபரில் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.